ஒத்திகையில் சாகத் தெரியாதவர்

அந்த ஆஸ்பத்திரியில் தர அலுவலர் என்ற பதவியை உண்டாக்கியபோது எக்ஸ்ரேக்காரர் பாத்ரூமில் இருந்தார். கையைத் துடைத்துக்கொண்டே கூட்டத்துக்குத் திரும்பினால் எல்லாரும் கைதட்டுகிறார்கள். யாருக்கோ பிறந்தநாள் போலிருக்கிறது என்று அவரும் சேர்ந்து தட்டினார். தட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, கைதட்டல் அவருக்கு.

நடந்தது இவ்வளவுதான். "யாரு இந்தப் பொறுப்பை எடுத்துக்கறீங்க?" என்று பெரிய டாக்டர் கேட்டிருக்கிறார். ஆளாளுக்கு ஒரு சாக்கு. பெரிய சிஸ்டருக்கு முட்டி வலி. மருந்துக்கடைக்காரருக்கு மகள் கல்யாணம். கணக்குப் பார்ப்பவருக்குக் கண் மங்கல். சாக்கு சொல்ல வாயில்லாதது அந்த அறையில் ஒரே ஒரு காலி நாற்காலிதான். அதன் தலையில் கட்டிவிட்டார்கள்.

"சார், எனக்கு எலும்புதான் தெரியும். தரமெல்லாம் தெரியாது," என்று கெஞ்சினார் எக்ஸ்ரேக்காரர்.

"எலும்பு வரைக்கும் பாக்கறவருக்கு இதென்ன பெரிய விஷயம்?" என்றார் பெரிய டாக்டர். ஆஸ்பத்திரி அவருடையது. அதனால் அவர் கேள்வி கேட்டால் அது பதில்.

பெரிய டாக்டருக்கு இந்த ஆசை வந்ததே ஒரு கூத்து. பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்காரர் தரச் சான்றிதழ் வாங்கி, தங்க நிறச் சட்டம் போட்டு, வாசலில் விளக்கு வெளிச்சத்தில் மாட்டி வைத்திருந்தார். காரில் போகும்போது பெரிய டாக்டர் அதைப் பார்த்துத் தொலைத்தார். அன்றிலிருந்து மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அவன் படிச்ச காலேஜ்லதான் நானும் படிச்சேன். அவனுக்கு நோயாளியோட கை எது கால் எதுன்னு தெரியாது. அவனுக்கே குடுத்திருக்காங்கன்னா நமக்குக் குடுக்க மாட்டாங்களா?" என்று பொருமினார். தன்னையறியாமல் அவர் சொன்ன உண்மைகளில் அது ஒன்று.

சான்றிதழ் வேண்டுமானால் ஆய்வாளர்கள் வந்து பார்த்து மார்க் போட வேண்டும். அந்த ஆய்வுக்கான விதிப் புத்தகம் வந்து இறங்கியது. தலையணை கனம். அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வீட்டுப் படியேறும்போதுதான் நம்ம ஆளுக்கு நெஞ்சில் முதன்முதலாக ஒரு பிடி பிடித்தது. உள்ளே யாரோ சட்டையைக் கசக்குகிற மாதிரி. கொஞ்சம் உட்கார்ந்தார், போய்விட்டது.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி வேர்த்துக் கிடக்கு?" என்றாள் மனைவி.

"புத்தகம் கனம்."

"கனமா இருந்தா கை வலிக்கணும். நெஞ்சை ஏன் தடவறீங்க? நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க."

"ஆய்வு முடியட்டும்," என்றார் அவர். அதன் பிறகு அந்த வீட்டில் எதற்கும் பதில் அதுவாகிப் போனது. குழாய் ஒழுகுகிறதா? ஆய்வு முடியட்டும். மச்சினன் வீட்டுக்குப் போக வேண்டுமா? ஆய்வு முடியட்டும். மாடிப்படி ஏறினால் நெஞ்சு பிடிக்கிறதா? ஆய்வு முடியட்டும்.

முதல் வாரம் அழுகை. இரண்டாம் வாரம் பயம். மூன்றாம் வாரம் வந்ததுதான் ஆபத்து, பெருமை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவரை இப்போது யாரும் எக்ஸ்ரேக்காரர் என்று கூப்பிடுவதில்லை. 'தரம் சார்.' அவர் வராந்தாவில் வந்தால் நர்சுகள் விறைத்து நின்றார்கள். முப்பது வருஷமாக இருட்டறையில், "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அதைக்கூடப் பாதிப்பேர் கேட்டதில்லை. இப்போது அவர் சொன்னால் ஊரே கேட்கிறது. விடுவாரா? ஸ்டிக்கர் அச்சடிக்கும் மெஷின் ஒன்று வாங்கினார். கண்ணில் பட்டதையெல்லாம் ஒட்டினார். கதவில் 'கதவு' என்று ஒட்டினார், சுவரில் 'சுவர்' என்று ஒட்டினார். வீட்டுச் சமையலறையையும் விடவில்லை. உப்பும் சர்க்கரையும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் இரண்டு டப்பாவிலும் சிவப்பில் 'எச்சரிக்கை' என்று ஒட்டிவிட்டார். எச்சரிக்கை இரண்டிலும் இருந்ததால் எது உப்பு என்று அப்புறம் யாருக்கும் தெரியவில்லை.

உப்பு டீயைக் குடித்துப் பார்த்துவிட்டு மனைவி சொன்னாள்: "எங்கப்பா மாப்பிள்ளை பாக்க வந்தப்ப உங்க நெத்தியில இதை ஒட்டியிருந்தா, நான் தப்பிச்சிருப்பேன்."

அவரும் சிரித்தார். சிரிக்கும்போது நெஞ்சில் பிடித்தது. சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அவர் போட்ட சட்டங்கள் கொஞ்சநஞ்சமில்லை. ஓடினால் வழுக்கி விழுவார்கள், விழுந்தால் மார்க் போகும். ஆகவே வராந்தாவில் யாரும் ஓடக் கூடாது, எதற்கும். நோயாளியைத் தொடுவதற்கு முன் பேரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். நோயாளி கேட்டைத் தாண்டுவதானால் தர அலுவலர் கையெழுத்துப் போட்ட பாஸ் வேண்டும். உயிர் காக்கும் மருந்துகள் வைத்த எமர்ஜென்சி டிராலிக்கு ஒரு பூட்டு. யாராவது திறந்து கலைத்துவிட்டால்? ஆகவே சாவி தர அலுவலரின் பேன்ட் பாக்கெட்டில். மருந்து என்றால் என்றைக்காவது தேதி முடியும், முடிந்ததை ஆய்வாளர் பார்த்தால் மானம் போகும். ஆகவே தேதி முடியக்கூடிய எதையும் டிராலிக்குள் வைப்பதில்லை என்று கடைசியாக முடிவெடுத்தார். உள்ளே வரிசையாகக் காலிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மருந்தின் பேர் அச்சடித்த ஸ்டிக்கர், கோணல்மாணல் இல்லாமல்.

இ.சி.ஜி. மெஷினுக்கு அதைவிட மரியாதை. வெளியிலிருந்து ஆள் வந்து சரிபார்த்து 'துல்லியம்' என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். உபயோகித்தால் துல்லியம் கெட்டுவிடுமே? பிளாஸ்டிக் போட்டுச் சுற்றி மூடிவிட்டார் தரம் சார்.

இந்த லட்சணத்தில் அவரைத் துணிந்து எதிர்த்துப் பேசிய ஆள் ஒருத்திதான். பகல் டியூட்டி டாக்டரம்மா. சின்ன வயசு, பெரிய வாய். அவள் எழுத்தை அவளே ஒரு மணி நேரம் கழித்துப் படிக்க முடியாது என்பதால் ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'கிறுக்கல் டாக்டர்' என்று பேர்.

"சார், உங்க வீட்டம்மா போன் பண்ணாங்க. நெஞ்சு வலியாமே? படுங்க, ஒரு இ.சி.ஜி. எடுத்துடறேன்."

"ஐயையோ, மெஷினைச் சுத்தி வச்சிருக்கு!"

"பழைய மெஷின் இருக்குல்ல?"

"அதுல ஸ்டிக்கர் இல்ல, டாக்டர்."

"உங்க இதயத்துல கூடத்தான் ஸ்டிக்கர் இல்ல. ஓடுதா இல்லையா?"

"ஆய்வு முடியட்டும்," என்றார் அவர். கிறுக்கல் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

ஆய்வுக்கு முன்னால் பெரிய டாக்டர் கடைசிக் கூட்டம் போட்டார். முகத்தில் ஈயாடவில்லை. "நோயாளி கட்டில்லேர்ந்து விழுந்தா மார்க் போகுது. படுத்துப் படுத்து முதுகுல புண் வந்தா மார்க் போகுது. காய்ச்சல் வந்தா போகுது, பக்கத்துல இருக்கறவருக்கு ஒட்டிக்கிட்டா போகுது, செத்துட்டா சுத்தமா போகுது. இத்தனைக்கும் மூல காரணம் என்னன்னு கண்டுபிடிக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கு. யோசிங்க."

எல்லாரும் மோட்டுவளையைப் பார்த்தார்கள். தரம் சாருக்குக் களைப்பு. நெஞ்சு வேறு லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தது. வெறுத்துப்போய், சும்மா ஒரு நக்கலுக்கு, "நோயாளிங்கதான் சார் மூல காரணம்," என்றார்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெரிய டாக்டர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

"இத்தனை நாளா இது எனக்குத் தோணலையே!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். மறுநாளே எதிர் வரிசையில் இருந்த லாட்ஜை மொத்தமாக வாடகைக்குப் பிடித்தார்கள். நோய் இருக்கிறவர்கள் எல்லாரும் அங்கே போனார்கள். கூடவே ஸ்டிக்கர் இல்லாத பழைய சாமான்கள், தேதியுள்ள மருந்துகள், இருமல், முனகல், மூத்திரப் பை. எழுத்து சரியில்லாத காரணத்தால் கிறுக்கல் டாக்டரையும் அங்கேயே தள்ளிவிட்டார்கள். ஆஸ்பத்திரி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

காலிக் கட்டிலைக் காட்டி மார்க் வாங்க முடியாதே? ஊழியர்களின் சொந்தக்காரர்களைப் பிடித்து வந்து மாதிரி நோயாளிகளாகப் படுக்க வைத்தார்கள். ஆரோக்கியமானவர்கள், தலை வாரிக்கொண்டவர்கள், நோயாளியின் உரிமைகளை ஒப்பிக்கத் தெரிந்தவர்கள். தரம் சாரின் மனைவியும் பேர் கொடுத்தாள். பித்தப்பை எடுத்து மூன்றாம் நாள் என்று அவளுக்கு வேஷம்.

"உனக்கெதுக்குடி இதெல்லாம்?"

"வீட்டுல இருந்தா உங்களை நினைச்சுப் பயமா இருக்கு. இங்க படுத்தா உங்க மேல ஒரு கண்ணு வச்சுக்கலாம்," என்றாள். அவர் அவள் கட்டிலில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார்.

ஒத்திகைகள் நடந்தன. ஆய்வாளர்கள் வந்தால் 'கோட் ப்ளூ' ஒத்திகை கேட்பார்களாம். மைக்கில் அந்த வார்த்தையைச் சொன்னால் எங்கேயோ யாருக்கோ நெஞ்சு நின்றுவிட்டது என்று அர்த்தம். குழு ஒன்று வந்து காப்பாற்ற வேண்டும். யாராவது நெஞ்சு நின்றவராகக் கீழே கிடக்க வேண்டுமே? "விளையாட்டுக்குக்கூட சாக மாட்டோம்," என்று ஊழியர்கள் ஒரேயடியாக மறுத்துவிட்டார்கள். கடைசியில் தரம் சாரே கிடந்தார்.

சாவதில் அவர் படு மோசம். இரண்டு நிமிஷம் சும்மா கிடக்கத் தெரியாது. பெரிய சிஸ்டர் கை கழுவாமல் பக்கத்தில் வந்தால் பிணம் ஒரு கண்ணைத் திறந்து, "கையைக் கழுவலை!" என்னும். யாராவது வேகமாக வந்தால், "ஓடாதீங்க, ஓடாதீங்க!" என்று கத்தும். ஒரு தடவை எழுந்து உட்கார்ந்து, தன் வாயில் வைத்த ஆக்சிஜன் மாஸ்க்கில் ஸ்டிக்கர் தலைகீழாக இருக்கிறது என்று அதை உரித்து நேராக ஒட்டிவிட்டு, மறுபடி செத்தார். கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்த மனைவி, பித்தப்பை எடுத்ததையும் மறந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆய்வு நாள் வந்தது. தலைமை ஆய்வாளரும், அவர் சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு உதவியாளரும். தலைமை ஆய்வாளர் வாசலிலேயே நின்று ஒரு சொற்பொழிவு செய்தார்.

"ஒன்றை எல்லோரும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நோயாளி பிழைத்தாரா, இல்லையா என்பது எங்கள் ஆய்வு வரம்புக்குள் வராது. அது மருத்துவம். அதில் நாங்கள் தலையிடுவதில்லை. அவர் எந்த நடைமுறைப்படி பிழைத்தார், அல்லது எந்த நடைமுறைப்படி பிழைக்கவில்லை என்பதே எங்கள் அக்கறை. நடைமுறை இல்லாமல் பிழைப்பது தற்செயல். தற்செயலுக்கு நாங்கள் மதிப்பெண் தர முடியாது."

எல்லாரும் கைதட்டினார்கள். தரம் சாரும் தட்டினார். இடது கை சரியாக எழும்பவில்லை.

மாதிரி நோயாளிகள் வெளுத்து வாங்கினார்கள். ஒருவர் உரிமைகளை ராகம் போட்டே ஒப்பித்தார். "இங்க வந்த பிறகு எனக்கு நோயே இல்ல," என்றார் இன்னொருவர். தலைமை ஆய்வாளர் உச்சி குளிர்ந்து போனார். பெண்கள் வார்டில் மனைவியின் கட்டிலுக்கு வந்தார். சுவரில் வலியைக் காட்டும் முகப் படங்கள். சிரிக்கும் முகத்தில் ஆரம்பித்து அழும் முகத்தில் முடியும்.

"உங்கள் வலி இப்போது எந்தப் படம், அம்மா?"

மனைவி படத்தைப் பார்க்கவில்லை. ஆய்வாளருக்குப் பின்னால் நின்ற புருஷனைப் பார்த்தாள். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. இதோ நிக்கறாரே, இவருக்குத்தான் கடைசிப் படம்," என்றாள்.

"ஊழியரின் நலனிலும் நோயாளிக்கு அக்கறை!" என்று வியந்தார் ஆய்வாளர். "எழுதிக்கொள்ளுங்கள்."

உதவியாளர் எழுதிக்கொண்டார். தரம் சார் பல்லைக் கடித்துக்கொண்டு அவர்களை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். இன்னும் கொஞ்சம்தான், சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். உள்ளே சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்த ஆள் இப்போது முறுக்கிப் பிழிய ஆரம்பித்தான். எமர்ஜென்சி டிராலியைக் காட்டி, "இது எங்களோட," என்றார். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. மடேரென்று விழுந்தார்.

பெரிய டாக்டரின் முகம் மலர்ந்தது. ஒத்திகை மதியத்துக்கு என்றுதான் பேச்சு. ஆனாலும் மனுஷன் நேரம் பார்த்து, ஆய்வாளரின் காலடியிலேயே விழுந்திருக்கிறார் பாருங்கள்! "இதுதான் சார் எங்க ஒத்திகை. சொல்லாம கொள்ளாம நடத்துவோம்," என்றார். மைக்கில் 'கோட் ப்ளூ' ஒலித்தது.

குழு வந்தது. நடந்து வந்தது. முதுகு நிமிர்ந்து, வரிசையாக, ஒருத்தர் காலும் வேகம் காட்டாமல் வந்தது. தலைமை ஆய்வாளர் சுவரோரம் ஒதுங்கி நின்று தலையை ஆட்டினார். பெரிய சிஸ்டர் குனிந்து, தெளிவான குரலில் கேட்டாள்:

"ஐயா, உங்க முழுப் பேரையும் பிறந்த தேதியையும் சொல்லுங்க."

தரையில் கிடந்தவரிடமிருந்து பதில் இல்லை. சட்டப்படி இரண்டாம் முறையும் கேட்டாள். அதற்கும் இல்லை. பதில் வராமல் தொடக் கூடாது. மூன்றாம் முறை கேட்பதா வேண்டாமா என்று சட்டத்தில் இல்லை. பெரிய சிஸ்டர் திருதிருவென்று விழித்துக்கொண்டு, கையைப் பிசைந்துகொண்டு, அந்தப் பதற்றத்தில் கை கழுவாமலே அவருடைய மணிக்கட்டைத் தொட்டுவிட்டாள்.

வார்டு வாசலில் நின்ற மனைவி அதைப் பார்த்தாள். ஒரு கண் திறக்கும் என்று காத்திருந்தாள். 'கையைக் கழுவலை' என்ற அந்தக் கத்தல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.



"ஐயோ!" என்று வராந்தா அதிரக் கத்தினாள். "இது ஒத்திகை இல்ல! இந்த மனுஷன் ஒரு நாளாவது ஒழுங்கா செத்திருக்காரா? தப்பைப் பாத்துட்டு சும்மா கிடக்கற ஆளா இவரு? நிஜமாவே போறாருங்க, நிஜமாவே போறாரு!"

ஓடி வந்தாள். பித்தப்பை எடுத்த மூன்றாம் நாள் நோயாளி, கட்டோடும் கவுனோடும், அந்த வராந்தாவில் யாரும் ஓடாத ஓட்டம் ஓடி வந்தாள்.

"அபாரமான குணமடைதல்," என்றார் தலைமை ஆய்வாளர். உதவியாளர் எழுதிக்கொண்டார்.

மனைவி புருஷனின் வலது பேன்ட் பாக்கெட்டில் கை விட்டுச் சாவியை எடுத்தாள். டிராலியைத் திறந்தாள். ஒரு பெட்டியை இழுத்தாள். காலி. இன்னொன்று. அதுவும் காலி. அத்தனை பெட்டியிலும் அழகழகான ஸ்டிக்கர். பெரிய சிஸ்டரின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மருந்து எங்கடி?"

பெரிய சிஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் கோணி அழுதுவிட்டாள். "எல்லாமே லாட்ஜுல இருக்குங்க. டாக்டரம்மாவும் அங்கதான் இருக்காங்க."

பெரிய டாக்டரும் ஒரு டாக்டர்தான் என்பது அந்தச் சமயத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவருக்கே வரவில்லை. அவர் ஆய்வாளரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பெண்களுமாகச் சேர்ந்து அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போட்டார்கள். முட்டி வலியென்று பதவியை மறுத்த பெரிய சிஸ்டர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடிய ஓட்டத்தை அதன் பிறகு பல நாள் பேசிச் சிரித்தார்கள். வாசலில் வாட்ச்மேன் குறுக்கே வந்து கை நீட்டினார்.

"பாஸ்?"

"யோவ், உசிரு போகுது!"

"தரம் சார் கையெழுத்துப் போட்ட பாஸ் இல்லாம யாரையும் விடக் கூடாதும்மா. தரம் சார் சொல்லியிருக்காரு."

ஸ்ட்ரெச்சர் படியில் குலுங்கியதில் தரம் சாருக்கு லேசாக நினைவு வந்திருந்தது. பாஸ் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் உதடு அசைந்தது. எல்லாரும் குனிந்தார்கள்.

"பாஸ் இல்லாம," என்று முனகினார், "விடாதே."

"பாத்தீங்களா!" என்றார் வாட்ச்மேன்.

மனைவிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "செத்தாலும் திருந்த மாட்டீங்களா?" என்று புருஷனைப் பார்த்துக் கத்திவிட்டு, டிராலிச் சாவியை வாட்ச்மேன் கையில் திணித்தாள். "இந்தா, இதான் பாஸ்!" வாட்ச்மேன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குள் ஸ்ட்ரெச்சர் தெருவைக் கடந்துகொண்டிருந்தது. பஸ்ஸும் காரும் ஆரனடித்துக்கொண்டு நின்றன.

லாட்ஜில் கிறுக்கல் டாக்டர் யாருடைய பேரையும் கேட்கவில்லை. வரவேற்பு மேஜையில் இருந்த சாவிகளையும் டெலிபோனையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு அவரை அதன் மேல் கிடத்தினாள். ஸ்டிக்கர் இல்லாத பழைய மெஷின் ஓடியது. அது துப்பிய காகிதத்தை ஒரு பார்வை பார்த்தாள். மாத்திரையை அவர் வாயில் போட்டு, "மெல்லுங்க சார், பேசாம மெல்லுங்க," என்றாள். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி ஏறியது. திரைச்சீலைக் கம்பியில் சலைன் பாட்டில் தொங்கியது. மனைவி அவர் பாதத்தைப் பிடித்தபடி, சத்தம் வராமல், கவுனால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாதம் லேசாகச் சூடேறியது.

கண்ணைத் திறந்ததும் அவர் முதலில் பார்த்தது தலைக்கு மேலே சுவரில் இருந்த லாட்ஜ் போர்டைத்தான். அறையைக் காலி செய்யும் நேரம் பகல் பன்னிரண்டு மணி என்று இருந்தது.

"பன்னிரண்டு ஆயிடுச்சா?" என்றார்.

"தாண்டிடுச்சு," என்றாள் மனைவி. "பிழைச்சுக்கிட்டீங்க."

அன்று முழுக்க அவர் தன்னை நினைத்தே சிரித்தார். பூட்டும் அவர் போட்டது, காலிப் பெட்டியும் அவர் வைத்தது, ஓடக் கூடாது என்றதும் அவர்தான், நோயாளிகளைத் துரத்த வழி சொன்னதும் அவர் திருவாய்தான். ஒரு ஆஸ்பத்திரி முழுவதையும் மாங்கு மாங்கென்று உழைத்து, தன்னை ஒருத்தரும் காப்பாற்ற முடியாதபடி அவரே கட்டி வைத்திருந்தார். ஒரே ஒரு ஓட்டையை மட்டும் விட்டுவிட்டார். பெண்டாட்டிக்கு அவர் சட்டம் எதுவும் போடவில்லை. போட்டாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள் என்பது வேறு விஷயம்.

மறுநாள் பெரிய டாக்டர் லாட்ஜுக்கு வந்தார். வாயெல்லாம் பல்.

"கிடைச்சுடுச்சு! ஆய்வுக் காலத்துல நம்ம ஆஸ்பத்திரியில ஒரு நோயாளிக்குக்கூட தொற்று இல்ல, புண் இல்ல, இறப்பு இல்ல. இப்படி ஒரு ஆஸ்பத்திரியைப் பாத்ததே இல்லன்னு சொல்லிட்டாங்க. நானும் முடிவு பண்ணிட்டேன். இனிமே நிரந்தரமாவே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாவே இருக்கட்டும், நோயாளிங்க லாட்ஜுலயே இருக்கட்டும். சான்றிதழ் இருக்கற இடத்துல எதுக்கு வம்பு?"

"எனக்கு நெஞ்சு வலி வந்ததுக்கு மார்க் போகலையா சார்?"

"அதெப்படிப் போகும்? நீங்க நோயாளி இல்ல, ஊழியர். சிகிச்சையும் நம்ம கட்டடத்துல நடக்கல." பெரிய டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "ஒரே ஒரு குறைதான் எழுதியிருக்காங்க. ஒத்திகையில நோயாளியா விழுந்தவர் ரொம்ப மிகையா நடிச்சிட்டாராம். அடுத்த தடவை திருத்திக்கணும்."

தரம் சாருக்குச் சிரிப்பு வந்தது. இந்த முறை நெஞ்சு பிடிக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். "சார், என்னை மறுபடி எக்ஸ்ரேக்குப் போட்டுடுங்க. இந்த வேலைக்கு ஒரு காலி நாற்காலி போதும்," என்றார்.

பெரிய டாக்டருக்கு அது விளங்கவில்லை. சட்டம் மாட்ட ஆள் வருகிறான் என்று கிளம்பிப் போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிரே ஆஸ்பத்திரி வாசலில் ஏணி வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தெருக்காரர் வைத்ததைவிட ஒரு சாண் பெரிய சட்டம்.

சாயங்காலம் அறைக் கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். மனைவி திறந்தாள். தலைமை ஆய்வாளர். கழுத்தில் அடையாள அட்டை இல்லை, உதவியாளர் இல்லை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இடது தோளை வலது கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.

"இங்கே ஒரு டாக்டரம்மா இருக்காங்களாமே," என்றார். சொற்பொழிவுக் குரல் எங்கே போயிற்றோ, சாதாரண மனுஷக் குரலில் பேசினார். "காலையிலேர்ந்து தோள்லேர்ந்து கை வரைக்கும் இழுக்குதும்மா. மூச்சு வேற முட்டுது."

தரம் சாரைப் பார்க்க வந்திருந்த பெரிய சிஸ்டர் கிறுக்கல் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். ஓடித்தான் போனாள். மனைவி அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டி வந்தாள். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"எதிர்லயே ஆஸ்பத்திரி இருக்கேங்க. முழு மார்க் வாங்கின ஆஸ்பத்திரி. நேரா அங்கேயே போயிருக்கலாமே?"

தலைமை ஆய்வாளர் ஜன்னல் பக்கம் பார்த்தார். எதிரே தங்க நிறச் சட்டம் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"மார்க் போட்டவனே நான்தானேம்மா," என்றார்.

லாட்ஜில் அன்றைக்குக் கட்டில் எதுவும் காலியில்லை. உண்மையான நோயாளிகளால் இடம் நிறைந்திருந்தது. மனைவி ஒரு தலையணையை எடுத்துத் தட்டிப் போட்டுவிட்டு, புருஷனின் தோளைத் தொட்டாள்.

"என்னங்க, கொஞ்சம் தள்ளிப் படுங்க."